திருச்சிக்கு மேலே வரும்போது ஜன்னலைச் சாத்தவும்

பாலக்கரை,
திருச்சி.

அன்புத் தம்பி கலீமுக்கு உன் அக்கா ஷரீபா ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. உனக்கும் உன்னோடு ரூமில் தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தையும், உன் அரபி முதலாளிக்கு இந்த வருஷமாவது லீவு கொடுக்கிற மனசையும் தருவானாக. இங்கே நலம், அங்கே நலமா என்று கேட்டுத்தான் காகிதம் ஆரம்பிக்க வேண்டும் என்று அத்தா நமக்குச் சொல்லிக் கொடுத்தது. முதல் பாதியை எழுதக் கை வரவில்லை. அதனால் அங்கே நலமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் குரல் கேட்டதுமே கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் வரிசையாக வந்து ஸலாம் சொல்லி, அங்கே வெயில் எப்படி, தங்கம் என்ன விலை என்று விசாரித்து, கடைசியில் என் கைக்கு வரும்போது உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. அதனால் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் பக்கத்து வீட்டு பெலிண்டா போட்டோ பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். நான் படித்த படிப்பு உனக்குத் தெரியும். அதற்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். நீ கம்பெனியில் உட்கார்ந்து இங்கிலீஷில் லெட்டர் அடிக்கிறவன். வானத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டு ஒரு விண்வெளி நிலையம் இருக்கிறதே, அங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு லெட்டர் அடித்துப் போட வேண்டும். அவர்கள் திருச்சிக்கு மேலே வரும்போது மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். காலம் பூராவும் கேட்கவில்லை, நாலு மாசம் பத்து நாள் மறைவில் இருக்கிற என் இத்தா முடிகிற வரைக்கும்தான். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கதவு இருக்கிறது, சாத்தலாம் திறக்கலாம் என்று உன் மச்சான் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கிறார், அதனால் கதவு இல்லை என்று அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது. நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துவிட்டு மேலே படி.

உன் மச்சானைப் பற்றி உனக்குத் தெரியாததில்லை. பெரிய கடைவீதியில் சூட்கேஸ் கடை வைத்து, ஊரில் பாதி ஜனத்தை துபாய்க்கும் சவூதிக்கும் பெட்டி கொடுத்து அனுப்பிவைத்த மனுஷர், தான் ஒருநாளும் விமானம் ஏறியதில்லை. காது அடைக்குமாம். அப்படிப்பட்டவருக்குத்தான் அந்த நிலையத்தின் மேல் அவ்வளவு ஆசை. பொழுது சாய்ந்து மஃரிபு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால் அவர் போனில் ஒரு மணி அடிக்கும். அது வரப்போகிறது என்று அர்த்தம். உலையில் அரிசி கிடந்தாலும் சரி, என் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு மேலே ஒரு பொட்டு மாதிரி கிளம்பி, சத்தமே இல்லாமல் நம் தலைக்கு மேலே வந்து, பொன்மலைப் பக்கம் போய் மறையும். நமக்கு இருட்டிவிட்டது, அவர்களுக்கு இன்னும் வெயில் அடிக்கிறது, அதனால்தான் மின்னுகிறது என்பார். பிள்ளை இல்லாத வீட்டில் சாயங்காலம் ரொம்ப நீளம் தம்பி. அந்த நாலைந்து நிமிஷத்தை வைத்துத்தான் அதைச் சுருக்கிக்கொண்டு வந்தோம்.

அதைப் பற்றி அவர் சொல்லாத சேதி இல்லை. "அது ஒரே வீடு இல்ல ஷரீபா, நம்ம வீடு மாதிரிதான். காசு வந்தப்பல்லாம் ஒவ்வொரு ரூமா கொண்டுபோய்ச் சேத்தது" என்பார். ஒரு ரூம் ஒரு நாட்டுக்காரன் கொண்டுவந்து மாட்டியது, அடுத்தது இன்னொரு நாட்டுக்காரன், ஆனால் உள்ளே ஒருத்தர் ரூமுக்கு ஒருத்தர் போய் வரலாம். வெளியே வாசல்கள் இருக்கும். கீழேயிருந்து போகிற வண்டி அந்த வாசலில் முகத்தை வைத்து ஒட்டிக்கொள்ளும். ஆள் வண்டி தனி, சரக்கு வண்டி தனி. சரக்கு வண்டி சாப்பாடு கொண்டுவரும், போகும்போது குப்பையை ஏற்றிக்கொண்டு போய் நடுவழியில் எரிந்துபோகும். ஆள் வண்டி மட்டும் ஆட்கள் இருக்கிற வரைக்கும் வாசலிலேயே நிற்க வேண்டும், ஏதாவது ஆபத்து என்றால் ஏறிக் கிளம்ப. வாசல் நிறைந்துவிட்டால் ஒன்று கழன்று இடம் விட்டால்தான் அடுத்தது ஒட்ட முடியும். அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் தெரியாமல் கேட்டுவிட்டேன். அவர்கள் ஒன்றுக்குப் போவதையே சுத்தம் பண்ணிக் குடிக்கிறார்கள் என்று விளக்கினார். அன்றைக்கு ராத்திரி நான் டீ குடிக்கவில்லை.

அவர் மவுத்தான அன்றைக்கு நீ வர முடியாமல் அங்கே அழுதுகொண்டிருந்தாய். அதற்குப் பிறகு இங்கே நடந்ததை உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்களில் முதலில் வந்தது மண்ணச்சநல்லூர் மாமா. ரைஸ் மில்லிலிருந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டியில் வந்து நம் வாசலோடு வாசலாக ஒட்டி நிறுத்திவிட்டார். நம் சந்து முட்டுச்சந்து, ஒரு வண்டி நின்றால் பின்னால் வருகிறது அதன் பின்னால்தான் நிற்க வேண்டும். அதன் பின்னால் என் நாத்தனார் ஷஹனாஸும் அவள் புருஷன் அனீஸும் வந்த ஆம்னி வேன். அதன் பின்னால் ஒரு ஆட்டோ. கடைசியாக புத்தூர் பெரியம்மா மகன் வீட்டுக் கார். மாமா அன்றைக்கே கிளம்பப் பார்த்தார். பின்னால் இருக்கிற கார் போனால்தான் ஆட்டோ போகும், ஆட்டோ போனால்தான் வேன் போகும், வேன் போனால்தான் அவர் போகலாம். ஆனால் புத்தூர் பெரியம்மாவோ கடைசியில் வந்தவர். துக்க வீட்டுக்குக் கடைசியில் வந்துவிட்டு முதலில் கிளம்பினால் ஊர் என்ன சொல்லும், எனக்கு முன்னால் வந்தவங்க எல்லாம் போகட்டும், பின்னாடியே நான் போறேன் என்று கட்டிலில் படுத்துவிட்டார். முன்னால் வந்தவர்கள் போக முடியாது, பின்னால் வந்தவர் போக மாட்டார். ஆட்டோக்காரர் ஒரு நாள் பார்த்தார், வண்டியைப் பூட்டிவிட்டு நடந்து போய்விட்டார். மற்ற எல்லோரும் இன்றைக்கு வரைக்கும் இங்கேதான் இருக்கிறார்கள். பாசமாகத்தான் இருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. மாமா கொண்டுவந்த அரிசியில்தான் சாப்பாடு ஓடுகிறது. ஆனால் சரக்கு வண்டி என்றால் குப்பையையும் கொண்டுபோக வேண்டும். இங்கே அந்த வழக்கம் இல்லை. தண்ணீரும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. அங்கே மேலே செய்கிற மாதிரி நாமும் செய்ய வேண்டி வருமோ என்று நானே பயந்துபோய்விட்டேன்.

ஷஹனாஸ் நல்லவள். அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவள். மையத்தை அடக்கத்துக்குத் தூக்கும்போது எல்லோரும் அழுதார்கள், அவள் மட்டும் அழாமல் பாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஆரம்பித்த வேலையை அவள் இன்னும் நிறுத்தவில்லை. என் இத்தாவை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். அந்நிய ஆண்கள் கண்ணில் நான் படக்கூடாது என்று ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினாள். கேஸ் போடுகிறவர் சிலிண்டரைச் சந்து முனையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றாள். பெலிண்டாவின் சேவல் மதில் மேல் ஏறி முற்றத்தைப் பார்க்கிறது என்று அதற்கும் மறைப்பாக ஒரு சாக்கு கட்டித் தொங்கவிட்டாள். பெலிண்டா, அந்தச் சேவல் அப்படிப்பட்டது இல்லைங்க என்று மட்டும் சொன்னாள். மாடி மட்டும் எனக்கு மிச்சம் இருந்தது. சுற்றி உயரமான கைப்பிடிச் சுவர், பொழுது சாய்ந்த பிறகு யாருக்கும் தெரியாது. அவர் போனை நான் இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்காதே. மணி அடித்தால் தனியாக ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒருநாள் மணி அடிக்கும்போது போன் ஷஹனாஸ் கையில் மாட்டிவிட்டது. என்ன மணி இது அண்ணி என்றாள். சொன்னேன். அதில் ஆள் இருக்கா என்றாள். இருக்கிறார்கள், ஏழு பேர் என்று போனிலேயே போட்டிருந்தது. பேர்களை வாசித்து, இது ஆம்பளைப் பேரா பொம்பளைப் பேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்கென்ன தெரியும். பாதிக்கு மேல் ஆண்களாகத்தான் இருக்கும் என்று அவளே முடிவு பண்ணினாள். அவ்வளவு உயரத்திலிருந்து நான் தெரியவா போகிறேன் என்றதற்கு, போனில் மேப்பைத் திறந்து நம் வீட்டு மாடியையே காட்டினாள். மேலேயிருந்து எடுத்த படம். தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, கொடியில் நீலமாக ஒன்று காய்கிறது. போர்வையா வேஷ்டியா என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அது அவருடைய லுங்கி. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பயந்துவிட்டதாக ஷஹனாஸ் நினைத்துக்கொண்டாள்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு, இதற்கு மார்க்கச் சட்டம் என்ன என்று கேட்டாள். அவர் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொறுமையாகத்தான் சொன்னார். "மெட்ராஸ் இங்கேருந்து முன்னூத்துச் சொச்சம் கிலோமீட்டர்மா. அவங்க அதைவிடத் தூரத்துல இருக்காங்க. மெட்ராஸ்ல இருக்கிறவன் பாத்துடுவான்னு யாராச்சும் மறைப்பு கட்டுவாங்களா?" என்றார். ஷஹனாஸ் விடவில்லை. "மெட்ராஸ்காரன் பக்கவாட்டுல இருக்கான் ஹஜ்ரத். நடுவுல பெரம்பலூரு, விழுப்புரம்னு எத்தனையோ மறைப்பு இருக்கு. இவங்க நேர் மேல. நடுவுல ஒன்னுமே இல்ல."  ஹஜ்ரத் டீயைக் குடித்துவிட்டு, தேவையில்லை என்பதுதான் சட்டம், மனசு கேட்கவில்லை என்றால் உங்கள் இஷ்டம் என்று எழுந்து போய்விட்டார். பேணுதலுக்கு ஒரு படி கூடுதலாகச் செய்வதை ஹஜ்ரத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை என்று ஷஹனாஸ் கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து பந்தல்காரர் அழகிரியை வரவழைத்தாள். சந்துக்குள் வண்டி நுழைய இடமில்லை, கம்பும் துணியும் மெயின் ரோட்டிலிருந்து தலைச்சுமையாக வந்தது. நான் உள்ளறையில் இருந்தேன், பேச்சு மட்டும் கேட்டது. மாடிக்கு எதுக்குங்க பந்தல், விசேஷமா என்றார். விசேஷம் இல்லை, மேலேயிருந்து பார்க்கிறார்கள் என்றாள் இவள். யாருங்க பாக்குறது என்றார். ஆகாசத்தில் இருக்கிறவர்கள் என்றாள். அந்த மனுஷர் சிரிப்பார் என்று நான் காத்திருந்தேன். தொழில் தெரிந்தவர், யோசித்துத்தான் பதில் சொன்னார். "ஒத்தைத் துணி போட்டா உள்ள லைட் எரியறப்ப வெளிய நிழல் தெரியும்ங்க. டபுளா போட்டுடறேன்" என்றார். அவரிடம் மிச்சம் இருந்தது கல்யாணத் துணிதானாம். கட்டி முடித்து, அவர் ஆட்கள் பழக்க தோஷத்தில் வாசலில் இரண்டு வாழை மரத்தையும் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படி எழுதுவேன். மவுத்தான வீட்டு வாசலில் வாழை மரம், மாடியில் ஜிகினா பந்தல். ஊர் என்ன நினைக்கும். பெலிண்டா கேக் செய்துகொண்டு வந்து, யாருக்குக் கல்யாணம் என்று என் காதில் கேட்டாள். சந்து முனைப் பாத்திரக்கடைக்காரர் மணமக்கள் வாழ்க என்று எழுதிய ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்தனுப்பினார். பொன்மலையிலிருந்து ஒருத்தர் ஃபோன் பண்ணி, நல்ல காரியம்தான், ஆனால் இத்தா முடிந்த பிறகு வைத்துக்கொண்டிருக்கலாமே என்று மாமாவிடம் வருத்தப்பட்டாராம். மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது. ஷஹனாஸ் வாசலில் நின்று போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம், கல்யாணம் இல்லைங்க, மேலேருந்து ஆளுங்க பாக்குறாங்க, அதான் என்று விளக்கம் சொன்னாள். அது இன்னும் மோசமாகிவிட்டது. சந்தில் இருக்கிற பெண்கள் எல்லாம் மாடியில் துணி காயப்போடுவதை விட்டார்கள். எதிர்வீட்டில் குளியலறைக் கூரைக்குத் தகரம் போட்டார்கள். அழகிரிக்கு நம் சந்திலேயே இன்னும் மூன்று பந்தல் ஆர்டர்.

எனக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை தம்பி. அன்றைக்குச் சாயங்காலம் மணி அடித்தது. பழக்கத்தில் மாடிக்குப் போனேன். தலைக்கு மேலே நீலத் துணியில் வெள்ளி நட்சத்திரமாக அச்சடித்திருந்தது. இரண்டு அடுக்கு. அது எங்கே இருக்கிறது, வந்துவிட்டதா, தாண்டிவிட்டதா ஒன்றும் தெரியவில்லை. அச்சடித்த நட்சத்திரத்துக்குக் கீழே நின்றுகொண்டு, போன் மணி நிற்கிற வரைக்கும் இருந்துவிட்டு இறங்கினேன். அது நினைத்த நாளில் வராது. கொஞ்ச நாள் சாயங்காலங்களில் வரிசையாக வரும், பிறகு வாரக்கணக்கில் நம் பக்கம் தெரியாது. இந்த வரிசையும் முடியப்போகிறது. அவரை எங்கே தேடுவது என்று எனக்குத் தெரிந்த இடம் வேறு இல்லை. அவரை அடக்கிய கபருஸ்தானுக்கு நான் போக முடியாது. கடையைப் பூட்டிவிட்டார்கள். அந்தப் பொட்டு ஒன்றுதான் அவரும் நானும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தது.

ஷஹனாஸிடம் கெஞ்சிப் பார்த்தேன். கல் மனசு இல்லை அவளுக்கு. யோசித்து ஒரு வழி சொன்னாள். "அவங்க பாக்க மாட்டோம்னு எழுதிக் குடுக்கட்டும் அண்ணி. அன்னிக்கே பந்தலைப் பிரிச்சுடறேன்." அதனால்தான் உனக்கு இந்தக் காகிதம். நீ லெட்டர் அடிக்கும்போது மரியாதையாக அடி. அவர்களும் வீட்டை விட்டு வந்து மாதக்கணக்காக இருக்கிறவர்கள், உன்னைப் போல. சாப்பாடெல்லாம் சரக்கு வண்டியில் ஒழுங்காக வருகிறதா என்று முதலில் கேள். பிறகு, திருச்சியில் பஷீர் அகமது என்று ஒருத்தர் இருந்தார், உங்கள் வாசலில் எந்த வண்டி நிற்கிறது என்று நாள் தவறாமல் பார்த்து வைத்துக்கொள்வார், அவருடைய பெண்சாதி கேட்டுக்கொள்வது என்று எழுது. நீங்கள் தப்பான கண்ணோடு பார்ப்பீர்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை, பேணுதலுக்குத்தான் என்று சேர்த்துக்கொள். பெண்கள் ஜன்னலில் இருந்தால் தடையில்லை. காவிரி தெரிந்ததும் சாத்தினால் போதும், இரண்டு ஆறாகப் பிரிந்து நடுவில் தீவு மாதிரி இருப்பது ஸ்ரீரங்கம், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். பொன்மலை தாண்டியதும் திறந்துவிடலாம். அவர்கள் போகிற வேகத்துக்கு ஒரு தும்மல் போடுகிற நேரம்தான். பதிலில் ஸீல் இருக்கட்டும், ஸீல் இல்லாததை ஷஹனாஸ் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் திரியாதே, தொழுகையை விடாதே, ஐஸ் தண்ணீர் குடிக்காதே. கூடத்தில் இருக்கிற எல்லோரும் உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னார்கள். தனித்தனியாக எழுத இடமில்லை, அவர்கள் இருக்கவே இங்கே இடமில்லை. உன் மச்சானுக்காக துஆ செய். உன்னை நான் கண்ணால் பார்க்கிற நாளை அல்லாஹ் சீக்கிரம் தரட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
உன் அக்கா ஷரீபா

பின்குறிப்பு: தம்பி, அந்த லெட்டரை அடிக்காதே. பெலிண்டாவுக்குப் பேத்தி பிறந்து அவள் இரண்டு நாள் வரவில்லை, அதனால் காகிதம் இங்கேயே கிடந்தது. இடையில் எல்லாம் மாறிப்போய்விட்டது. ஸ்ரீரங்கத்தில் தேர் வருகிறது, நீர்மோர்ப் பந்தல் போடத் துணி பற்றவில்லை, இங்கே கட்டியதைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும் என்று அழகிரி அவசரமாக டெம்போவோடு வந்துவிட்டார். இந்தத் தடவை தலைச்சுமைக்கு ஆள் இல்லை, டெம்போ உள்ளே வந்தே ஆக வேண்டும் என்று சந்து முனையில் நின்று ஹாரன் அடித்தார். வழி விடுவதற்காகப் புத்தூர்க் காரை மெயின் ரோட்டுக்கு எடுத்தார்கள், ஆட்டோவைத் தள்ளினார்கள், வேன் பின்னால் போனது, மாமாவின் குட்டியானையும் கழன்றது. இது வழி விடுவதுதானே, முதலில் கிளம்புவது ஆகாது என்று பெரியம்மா சொன்னார். எடுத்ததுதான் எடுத்தோம், அப்படியே போய்விட்டு வருகிறோம் என்று ரோட்டிலிருந்தே எல்லோரும் ஸலாம் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். ஷஹனாஸ் மட்டும் அனீஸை வேனோடு அனுப்பிவிட்டு என்னோடு இருந்துகொண்டாள்.

சாயங்காலம் மணி அடித்தது. பந்தல் இல்லை. அவள் குறுக்கே நிற்பாள் என்று நினைத்தேன். ஒரு குடையை எடுத்துக்கொண்டு என்னோடு மாடி ஏறி, என் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தாள். குடைக்குள் நான் நிற்கிறேன், எனக்குக் கம்பிதான் தெரிகிறது. ராஜகோபுரத்துக்கு மேலே இருக்கும் பார் என்று அவளிடம் சொன்னேன். அவள் பார்த்தாள். அது கிட்டே வரவர குடை சரிந்துகொண்டே போனது, அவளுக்குத் தெரியவில்லை. தலைக்கு நேர் மேலே வந்தபோது குடை தரையில் கிடந்தது. "இதையா அண்ணன் பாத்துக்கிட்டு இருந்துச்சு? என்னைய ஒரு நாளும் கூப்பிட்டுக் காட்டலியே அண்ணி" என்றாள். அவள் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுதுகொண்டே, பஸ் ஏற்றிவிட வந்தவள் மாதிரி, அது பொன்மலைப் பக்கம் போய் மறைகிற வரைக்கும் கை காட்டிக்கொண்டு நின்றாள்.

அதனால் அவர்கள் ஜன்னலைச் சாத்த வேண்டாம். திறந்தே இருக்கட்டும். பெலிண்டா இந்தக் காகிதத்தை முன்னே பின்னே மாற்றி அனுப்பி, நீயும் அவசரப்பட்டு லெட்டரை அடித்துப் போட்டிருந்தால், உடனே இன்னொன்று போட்டுவிடு. திருச்சியில் மாடியில் நின்று கை காட்டியது பஷீர் அகமது பெண்சாதி இல்லை, தங்கச்சி என்று சொல்லு. நான் காட்டியது மறுநாள்.